டெஸ்மொயிட் கட்டி: கத்தி வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

உடம்பில் கட்டி என்றதும் "எடுத்துப் போட்டுவிடுங்க டொக்டர்" என்றுதான் வாயில் வரும். கொழுப்புக் கட்டிக்கு அது பொருந்தலாம். டெஸ்மொயிட் கட்டிக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அவசரப்பட்டு வெட்டிய இடத்திலேயே அது திரும்பவும் வருவதுண்டு. வெட்டாமல் விட்ட கட்டிகளில் ஒரு பங்கு, மருந்தே இல்லாமல் சுருங்கிவிடுவதும் உண்டு. ஆகவே முதலில் கட்டியின் பெயரை உறுதிப்படுத்த வேண்டும். அடுத்து அதன் போக்கை அளந்து பார்க்க வேண்டும். சிகிச்சைப் பேச்சு அதற்குப் பிறகுதான். இந்த ஒழுங்கு குலையும்போதே அதிக சேதம் நடக்கிறது.

மலையகத்தில் இந்த ஒழுங்கைக் காப்பது லேசான காரியமல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போய்விடும். போன தடவை பார்த்த டொக்டர் இந்த தடவை இருக்கமாட்டார். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும், விளக்கம் சிங்களத்தில் வரும். அதனால்தான் கீழே நோயைப் பற்றி மட்டுமல்லாமல் கடதாசி, திகதி, சென்ரிமீற்றர் பற்றியும் நிறையச் சொல்லியிருக்கிறோம்.

இது என்ன கட்டி

தசை, தசைநாண், உறுப்புகள் எல்லாவற்றையும் பிணைத்துத் தாங்கி நிற்பது தொடுப்பிழையம். அதில் நார்களை உண்டாக்கும் கலங்கள் உண்டு. காயம்பட்டால் ஓடிவந்து தழும்பு கட்டுபவை அவைதான். வேலை முடிந்ததும் அவை அடங்கிவிட வேண்டும். அடங்காமல் பெருகிக்கொண்டே போனால் உருவாவது டெஸ்மொயிட். ஸ்கொட்லாந்து வைத்தியர் ஜோன் மக்ஃபார்லேன் 1832இல் இதை விவரித்தார். பார்வைக்குத் தசைநாண் போலிருந்ததால், கட்டு அல்லது நாண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1838இல் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் யொஹான்னஸ் முல்லர்.

இது புற்றுநோயா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. நுரையீரலுக்கோ ஈரலுக்கோ நிணநீர் முடிச்சுக்கோ இது பரவாது. அந்த வகையில் புற்றுநோய் அல்ல. ஆனால் இருக்கும் இடத்தில் பக்கத்துத் தசைக்குள்ளும் நரம்பைச் சுற்றியும் நுழைந்து வளரும். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இது இடைப்பட்ட இனம். ரிப்போர்ட்டில் 8821/1 என்ற குறியீடு இருந்தால் கடைசி 1ஐக் கவனியுங்கள். அந்த இடத்தில் சாதாரண கட்டிக்கு 0 வரும், புற்றுநோய்க்கு 3 வரும்.

தேயிலை மலையில் மானாப்புல் பிடுங்கியவர்களுக்கு இதன் குணம் எளிதாகப் புரியும். மேலே தெரியும் தூர் ஒரு பிடிதான். வேர் எதுவரை ஓடியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. டெஸ்மொயிட்டுக்கும் விளிம்பு இங்கேதான் முடிகிறது என்று சத்திரசிகிச்சை நிபுணரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. உறை இல்லாத கட்டி அது.

ஆண்டுக்கு 10 இலட்சம் பேரில் 2 முதல் 5 பேருக்கு வருவதாக மற்ற நாடுகளின் கணக்குகள் சொல்கின்றன. நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை 2012 கணக்கெடுப்பில் 7 இலட்சத்துக்குச் சற்று மேல். அதே விகிதத்தை இங்கே வைத்துப் பார்த்தால் மாவட்டம் முழுவதற்கும் ஆண்டுக்கு ஒருவரிலிருந்து மூன்று நான்கு பேர் வரைதான். உங்களைப் பார்க்கும் இளம் வைத்தியர் இதற்கு முன் ஒரு டெஸ்மொயிட்டையும் பார்த்திராமல் இருக்கலாம். அது அவருடைய குறை அல்ல. ஆனால் "இது டெஸ்மொயிட்டாக இருக்குமா?" என்ற கேள்வியை நீங்களும் கேட்கத் தெரிந்திருப்பது நல்லது.

கையில் தட்டுப்படும்போது

டெஸ்மொயிட் தோலில் இருப்பதில்லை. தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில், தசையோடு ஒட்டி நிற்கும். தோலைக் கிள்ளித் தூக்கினால் தோல் தனியாக வரும், கட்டி கீழேயே இருக்கும். கொழுப்புக் கட்டி விரலுக்கு மெத்தென்று நழுவும். இது கெட்டி இறப்பர் போல இருக்கும், லேசில் அசையாது. தொடக்கத்தில் வலி இல்லாமலும் இருக்கலாம்.

வயிற்றுச் சுவர், தோள்பட்டை, மேல் முதுகு, கழுத்தடி, மார்புச் சுவர், தொடை ஆகிய இடங்களில் அடிக்கடி வரும். 15 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில், அதிலும் முப்பதுகளில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பிள்ளை பெற்ற பிறகு வயிற்றுச் சுவரிலும், சிசேரியன் அல்லது வேறு சத்திரசிகிச்சை செய்த தழும்பிலும் தோன்றுவது நன்கு அறியப்பட்ட விஷயம்.

கொழுந்து எடுக்கும் பெண்களுக்குத் தோளிலும் முதுகிலும் வரும் கட்டி கவனத்துக்கு வராமல் நழுவிவிடுகிறது. கூடைக் கயிறு இழுத்த பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்தே மாதக்கணக்கு ஓடிவிடும். ஒன்றை நினைவில் வையுங்கள்: தசைப்பிடிப்பு சில நாளில் இளகும், இடம் மாறும், ஓய்வெடுத்தால் குறையும். ஆறு வாரமாக ஒரே இடத்தில், ஒரே கெட்டியாக, அல்லது வளர்ந்தபடி இருப்பது பிடிப்பல்ல.

வயிற்றில் கட்டி இருந்தால் வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். மல்லாந்து படுத்து, கட்டியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்குங்கள். வயிற்றுத் தசை இறுகும். அப்போதும் கட்டி விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தால் அது வயிற்றுச் சுவரில் உள்ளது. மறைந்துவிட்டால் வயிற்றுக்குள்ளே இருக்கலாம். இருமும்போது புடைத்து, படுத்தால் உள்ளே போகிறது என்றால் குடலிறக்கம் பற்றி முதலில் யோசிக்க வேண்டும். சிசேரியன் தழும்பில் உள்ள கட்டி மாதவிடாய் நாட்களில் மட்டும் வலித்து வீங்கினால், கருப்பையின் உட்படை இழையம் தழும்பில் ஒட்டி வளர்ந்திருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. இந்த விவரங்களை டொக்டரிடம் சொன்னாலே அவருடைய யோசனை சரியான பக்கம் திரும்பும்.

அளந்து எழுதும் பழக்கத்தை அன்றே தொடங்குங்கள். தையல் டேப் போதும். மிக நீளமான பக்கம், அதற்குக் குறுக்கான பக்கம் இரண்டையும் சென்ரிமீற்றரில் எழுதுங்கள். மாதத்தில் ஒரே திகதியில், ஒரே மாதிரிப் படுத்தோ நின்றோ அளக்க வேண்டும். பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஃபோனில் ஒரு படமும் எடுங்கள். தினமும் அமுக்கிப் பார்க்க வேண்டாம். உருவி விடுவதும், சுடு ஒத்தடமும், பச்சிலைப் பற்றும் இதைக் கரைக்காது. வலியும் தோல் புண்ணும்தான் மிஞ்சும், காலமும் போய்விடும்.

கட்டி 5 சென்ரிமீற்றரைத் தாண்டியிருந்தால் (ஏறத்தாழ ஒரு கோழி முட்டை), வளர்ந்துகொண்டிருந்தால், ஆழத்தில் இருந்தால், வலித்தால், அல்லது முன்பு வெட்டிய இடத்தில் திரும்ப வந்திருந்தால் காத்திருக்கக் கூடாது. தோட்ட டிஸ்பென்சரியில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பக்கத்துப் பெரிய வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போங்கள். ஹட்டன் பக்கத்தாருக்கு டிக்கோயா, மற்றவர்களுக்கு நுவரெலியா அல்லது பதுளை. அங்கிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ அனுப்பப்படலாம். "கேன்சர் ஆஸ்பத்திரிக்கு எழுதிட்டாங்க" என்று வீட்டில் அழுகை கிளம்பும். பரவாத கட்டிக்கும் அங்கே அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. இதற்குப் பயன்படும் மாத்திரைகளையும் ஊசிகளையும் கொடுத்துப் பழகியவர்கள் புற்றுநோய் வைத்திய நிபுணர்கள்தான்.

பயொப்சி: இதில்தான் பாதி விஷயம்

படம் பார்த்து மட்டும் டெஸ்மொயிட் என்று முடிவு கட்ட முடியாது. இழையத்தில் ஒரு துண்டு வேண்டும். அந்தத் துண்டை எப்படி எடுப்பது என்பதில்தான் பல தவறுகள் நடக்கின்றன.

மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் பரிசோதனை இந்தக் கட்டிக்குப் போதாது. நார் நிறைந்த கட்டியிலிருந்து கலங்கள் சரியாக உறிஞ்சுப்பட்டு வராது. "போதிய கலங்கள் இல்லை" என்ற ரிப்போர்ட்டோடு இரண்டு மூன்று வாரம் வீணாகும். மறுபக்கம், சந்தேகத்தின் பேரில் முழுக் கட்டியையும் வெட்டி எடுத்துப் பிறகு பெயர் தேடுவதும் தவறு. பெயர் தெரிந்திருந்தால் அந்த வெட்டே தேவைப்படாமல் போயிருக்கலாம். வேண்டியது தடித்த ஊசிப் பயொப்சி. 14 அல்லது 16 கேஜ் ஊசியால், விறைப்பு ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடி நூல் போன்ற பல துண்டுகளை எடுப்பார்கள். வார்டில் தங்காமலே பெரும்பாலும் முடிந்துவிடும். அஸ்பிரின், குளோப்பிடோகிரெல், வோர்பரின் போன்ற இரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து குடிப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. எத்தனை நாள் நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

துண்டு ஃபோர்மலினில் போய், மெழுகில் பதிக்கப்பட்டு, மெல்லிய சீவலாக வெட்டப்பட்டு நுண்ணோக்கிக்கு வரும். டெஸ்மொயிட்டில் நீண்ட கதிர் வடிவக் கலங்கள் கொலாஜன் நார்களுக்கு நடுவே ஒரே திசையில் படுத்திருக்கும். கலங்களின் கரு அமைதியாக இருக்கும், செத்த இழையம் இருக்காது. ஆனால் பழைய தழும்பு, சில சார்கோமாக்கள் (தொடுப்பிழையத்தில் வரும் புற்றுநோய்கள்), குடல் சுவரில் வரும் ஒருவகைக் கட்டி ஆகியவையும் கிட்டத்தட்ட இதே முகத்தோடு வரும். பிரித்தறிய உதவுவது பீட்டா-கட்டெனின் சாயப் பரிசோதனை. சாதாரண நார்க் கலத்தில் இந்தப் புரதம் கருவுக்கு வெளியே இருக்கும். டெஸ்மொயிட்டில் கருவுக்குள்ளே குவிந்திருக்கும். ரிப்போர்ட்டில் "கருவில் பீட்டா-கட்டெனின் நேர்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த வரி இல்லையென்றால், சோதனை செய்து எதிராக வந்ததா, செய்யவே இல்லையா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. எதிராக வந்தாலும் டெஸ்மொயிட் இல்லை என்று ஆகிவிடாது, ஒரு பங்கு கட்டிகளில் அந்தச் சாயம் தெரிவதில்லை.

வசதி கிடைத்தால் மரபணுச் சோதனை இன்னும் உறுதி தரும். பரம்பரையாக வராத டெஸ்மொயிட்களில் 85 முதல் 90 வீதமானவற்றில் சீ.டி.என்.என்.பி.1 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். இது கட்டிக்குள் மட்டும் நேர்ந்த மாற்றம், பிள்ளைக்குப் போகாது. டி41ஏ, எஸ்45எஃப், எஸ்45பி என்ற மூன்றும் அடிக்கடி காணப்படுபவை. எஸ்45எஃப் உள்ள கட்டி வெட்டிய பின் திரும்ப வரும் சாத்தியம் கூடுதல்.

இது அபூர்வமான நோய் என்பதால் இரண்டாவது நோயியல் நிபுணர் ஒருவரும் பார்ப்பது உலக நடைமுறை. அப்படிக் கேட்பதை யாரும் அவமதிப்பாக எடுக்கத் தேவையில்லை. அதற்குப் புதிதாக ஊசி குத்த வேண்டியதும் இல்லை. ஆய்வுகூடத்தில் இருக்கும் மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சீவல்களையும் அனுப்பினால் போதும். ஆகவே ரிப்போர்ட்டில் உள்ள ஆய்வுகூட இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ரிப்போர்ட் தொலைந்தாலும் அந்த இலக்கத்தைக் கொண்டு தேடலாம்.

எம்.ஆர்.ஐ எடுக்கப் போகும்போது

கை, கால், முதுகு, வயிற்றுச் சுவர் என்றால் எம்.ஆர்.ஐதான் சரியான படம். வயிற்றுக்குள் என்றால் சீ.டி ஸ்கேனும் பயன்படும். எம்.ஆர்.ஐ இயந்திரம் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை, திகதி கிடைக்க நாளாகும். அந்தத் திகதியைத் தவறவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டிவரும்.

நாளத்தில் மருந்து ஏற்றி எடுக்கும் படம் என்றால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை முன்பே தேவைப்படும். அதை ஊரிலேயே எடுத்துக்கொண்டு போனால் ஒரு பயணம் மிச்சம். தாலிக்கொடி, மூக்குத்தி, தோடு, மெட்டி, தாயத்து, ஊக்கு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பல வருடமாகக் கழற்றாத மூக்குத்தியை அங்கே போய்க் கழற்ற முயன்றால் சிரமம், வீட்டிலேயே கழற்றிக்கொண்டு போங்கள். உடம்பில் இரும்புத் தகடு, இதய மின்கருவி, கண்ணில் உலோகத் துகள் ஏதும் உண்டென்றால் சொல்லாமல் உள்ளே போகக் கூடாது. அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டும், சத்தம் பலமாக இருக்கும்.

படத்தின் சீடியையும் எழுத்து ரிப்போர்ட்டையும் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை போகும்போது பழைய சீடி கையில் இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. ஒப்பீடு இல்லாத எம்.ஆர்.ஐ இந்த நோயில் பாதிப் படம்தான். முடிந்தவரை ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே முறையில் எடுக்கக் கேளுங்கள். லயத்துக் கூரை ஒழுகும் வீட்டில் பிளாஸ்டிக் உறை கட்டாயம். எல்லாவற்றையும் ஃபோனில் படம் பிடித்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

அளவு மாறாவிட்டாலும் படம் விஷயம் சொல்லும். டி2 என்ற வகைப் படத்தில் பளிச்சென்று தெரியும் பகுதி கலங்கள் நிறைந்தது, துடிப்பாக இருப்பது. கருத்த பட்டைகள் கூடிவந்தால் நார் முற்றி அடங்கி வருகிறது என்று அர்த்தம்.

கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பதல்ல

"ஒன்னும் செய்ய ஏலாதுன்னு அனுப்பிட்டாங்க" என்று நினைத்துக் கிளினிக்கையே விட்டுவிடுபவர்கள் உண்டு. உண்மையில் புதிதாகக் கண்டுபிடித்த பெரும்பாலான டெஸ்மொயிட்களுக்கு முதலாவது சிகிச்சையே திட்டமிட்ட கண்காணிப்புத்தான். பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 2020இல் வெளியிட்ட வழிகாட்டியும் அதையே முதலில் வைக்கிறது. பிரான்ஸில் 771 பேரைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வில், இரண்டு வருட முடிவில் வெட்டியவர்களில் 53 வீதத்தினர் கட்டி வளராமலும் திரும்ப வராமலும் இருந்தார்கள். வெட்டாதவர்களில் 58 வீதத்தினர். வெட்டியதால் மேலதிக நன்மை கிடைக்கவில்லை. கண்காணிப்பில் மட்டும் இருப்பவர்களில் ஏறத்தாழ 20 முதல் 30 வீதத்தினருக்குக் கட்டி தானாகச் சுருங்குகிறது.

நடைமுறை இப்படி: முதல் படத்துக்கு ஒன்று இரண்டு மாதத்தில் அடுத்த படம். பிறகு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. சில ஆண்டுகள் அசையாமல் நின்றால் இடைவெளி நீளும். முதல் இரண்டு வருடம் முக்கியம், வளர்ச்சி பெரும்பாலும் அப்போதுதான் தெரியும்.

எவ்வளவு வளர்ந்தால் வளர்ச்சி? மிக நீளமான அளவு 20 வீதம் கூடினால்தான் கணக்கில் எடுப்பார்கள். 60 மில்லிமீற்றர் கட்டி 65 ஆனால் அது அளக்கும் கையின் வித்தியாசமாகவும் இருக்கலாம், 72ஐத் தொட்டால் வளர்ந்துவிட்டது. அதைக் கண்டதும் பாய வேண்டியதில்லை. ஒருமுறை வளர்ந்து, பிறகு நின்று, பிறகு சுருங்கும் கட்டிகள் இந்த நோயில் நிறைய. அடுத்தடுத்த படங்களிலும் வளர்ச்சி தொடர்ந்தால், அல்லது வலி தூக்கத்தைக் கெடுத்தால், கை கால் அசைவு குறைந்தால், அல்லது பெரிய நரம்பு, இரத்தக் குழாய், குடல், மூச்சுப் பாதை ஆகியவற்றை நெருங்கினால் காத்திருப்பை நிறுத்த வேண்டும். கழுத்திலும் குடல் தாங்கியிலும் (குடலை வயிற்றின் பின்சுவரோடு பிணைக்கும் மடிப்பு) உள்ள கட்டிக்குப் பொறுமையின் எல்லை குறுகியது. அங்கே ஒரு சென்ரிமீற்றர் கூட இடமில்லாமல் இருக்கலாம்.

மருந்துகள்

எந்த மருந்தும் ஒரு வாரத்தில் வேலை காட்டாது. மூன்று நான்கு மாதத்தில் கட்டி அதே அளவில் நின்றாலே மருந்து பிடித்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

பழைய, மலிவான, பெரும்பாலும் கிடைக்கக்கூடிய வழி குறைந்த அளவு மெத்தோட்ரெக்ஸேட்டும் வின்பிளாஸ்டினும். இவை வாரத்துக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஒரு வருடம் வரை கொடுக்கப்படும். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையாக வீட்டுக்குத் தந்தால் இதை மறக்கவே கூடாது: அது வாரத்துக்கு ஒரு நாள் குடிக்கும் மருந்து. தினமும் குடித்தால் எலும்பு மச்சை அடங்கி உயிர் போகும். எந்தக் கிழமை என்று டொக்டரிடம் கேட்டு மருந்து உறையில் தமிழில் எழுதுங்கள், வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடமும் சொல்லி வையுங்கள். உடல்வலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகள் இதோடு மோதக்கூடும், கேட்காமல் குடிக்கக் கூடாது. 38 பாகைக்கு மேல் காய்ச்சல், வாய்ப்புண், காரணமில்லாத இரத்தக் கசிவு வந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சொரஃபெனிப் மாத்திரை நல்ல ஆதாரமுள்ள மருந்து. 2018இல் வெளியான ஆய்வில் நாளுக்கு 400 மில்லிகிராம் குடித்தவர்களில் இரண்டு வருடத்தில் 81 வீதத்தினருக்குக் கட்டி முன்னேறவில்லை. வெறும் மாத்திரை (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் மருந்தில்லாத மாத்திரை) குடித்தவர்களில் அது 36 வீதம். அதே ஆய்வில் வெறும் மாத்திரை குடித்த 20 வீதத்தினருக்கும் கட்டி சுருங்கியது. தானாகச் சுருங்கும் குணத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 200 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, வெறும் வயிற்றில், அதாவது சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ.

கொழுந்து எடுப்பவர்களுக்கு இந்த மருந்தில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தடித்து, கொப்பளித்து வெடிக்கும். அழுத்தமும் உராய்வும் படும் இடத்தில்தான் அதிகம், விரல் நுனியால் கிள்ளும் வேலைக்கும் மலை ஏறி இறங்கும் காலுக்கும் இது நேரடி அடி. மருந்து தொடங்கும் முன்பே தடித்த தோலை நீக்கி, யூரியா க்ரீம் காலை மாலை பூசுங்கள். காலுறையும் மெத்தென்ற அடியுள்ள செருப்பும் அணியுங்கள், சுடுதண்ணீரில் கை வைக்காதீர்கள். முதல் ஒன்றரை மாதம் வாரத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்க்க வேண்டும். டிஸ்பென்சரியில் அதைச் செய்யலாம். கொப்பளம் வந்தால் மாத்திரையைத் தானாக விட்டுவிடாமல் சொல்லுங்கள். அளவைக் குறைத்துத் தொடரலாம். உங்கள் தொழில் என்ன என்பதை மருந்து எழுதும் முன்பே டொக்டருக்குச் சொல்லிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

பசோபனிப் என்ற மாத்திரையும் இதே குடும்பம். நிரோகசெஸ்டட் என்பது டெஸ்மொயிட்டுக்கென்றே அமெரிக்காவில் 2023 நவம்பரில் அனுமதி பெற்ற முதல் மருந்து. ஆய்வில் 41 வீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது, வெறும் மாத்திரையில் 8 வீதம். விலை மிக அதிகம். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் நான்கில் மூன்று பேருக்குச் சூலகத்தின் வேலை பாதிக்கப்பட்டதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டு உறவினர் இதைப் பற்றிச் சொன்னால், கடன்படும் முன் உங்கள் நிபுணரோடு பேசுங்கள். டமொக்சிஃபென் முன்பு அதிகம் கொடுக்கப்பட்டது, இப்போது அதற்கு ஆதாரம் பலவீனம் என்றே கொள்ளப்படுகிறது.

இந்த மருந்துகள் எல்லாமே கருவில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கக் கூடியவை. தொடங்கும் முன் கர்ப்பம் இல்லை என்று உறுதிப்படுத்தி, நம்பகமான கருத்தடை முறை ஒன்றை ஏற்பாடு செய்ய வேண்டும். ஹோர்மோன் இல்லாத லூப் பற்றி மருத்துவமாதுவிடம் கேட்கலாம்.

கத்தி, கதிர், குளிர்

வெட்டுவது ஒருபோதும் கூடாது என்பதல்ல. வயிற்றுச் சுவரில் உள்ள கட்டி தொடர்ந்து வளர்ந்தால் சத்திரசிகிச்சை நல்ல தெரிவு, அந்த இடத்தில் திரும்ப வருவது குறைவு. கை, கால், தோள் என்றால் கணக்கு வேறு. விளிம்பு சுத்தமாக வர வேண்டும் என்று நரம்பையும் தசையையும் சேர்த்து வெட்டி, பிறகு கையைத் தூக்க முடியாமல் போனால் கட்டியைவிடச் சிகிச்சை பெரிய நோயாகிவிடும். பேர் போடும் கை அது. சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள்: பயொப்சியில் பெயர் உறுதியா? வெட்டிய பின் என்ன வேலை செய்ய முடியாமல் போகும்? திரும்ப வந்தால் அடுத்தது என்ன? பதில் புரியவில்லை என்றால் சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்த ஒருவரை வைத்து மறுபடி கேளுங்கள். அது உங்கள் உரிமை.

கதிர்ச் சிகிச்சை 28 தடவையாகப் பிரித்து மொத்தம் 56 கிரே (கதிரை அளக்கும் அலகு) கொடுக்கப்படுவது. கட்டியை அடக்கும். ஆனால் பல வருடம் கழித்து மூட்டு இறுக்கமும், அபூர்வமாக அதே இடத்தில் புற்றுநோயும் வரக்கூடும் என்பதால் இளம் வயதினருக்குக் கடைசியாகவே யோசிப்பார்கள். ஊசி வழியே கட்டியை உறைய வைக்கும் முறை சில நாடுகளில் நன்றாகப் பயன்படுகிறது.

வயிற்றுக்குள் இருந்தால்

குடல் தாங்கியில் வரும் டெஸ்மொயிட் வேறு இனம் போல நடந்துகொள்ளும். குடலை மடக்கி அடைக்கலாம், சிறுநீர்க் குழாயை அழுத்திச் சிறுநீரகத்தை வீங்க வைக்கலாம். வயிறு உப்பி, திரும்பத் திரும்ப வாந்தி, காற்றும் மலமும் போகாத நிலை வந்தால் அது குடலடைப்பு. கஷாயம் கொடுத்துப் பார்க்கும் நேரம் அல்ல, உடனே 1990ஐ அழைத்து அம்பியூலன்ஸ் கேளுங்கள், இலவசம். பாதை மோசமான டிவிசனில் இருப்பவர்கள் வண்டி எந்த இடம் வரை வரும் என்பதை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்.

இந்த வகையில் இன்னொரு கேள்வியும் எழும். பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் சிறு முளைகள் உண்டாகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு, ஏ.பி.சி என்ற மரபணுவின் குறையால் வருவது. டெஸ்மொயிட் வருபவர்களில் சுமார் பத்தில் ஒருவர் வரை இந்த நோய் உள்ளவர்கள். அவர்களுக்குக் கட்டியைவிடக் குடல் முளைகளே பெரிய ஆபத்து, விட்டால் புற்றுநோயாக மாறும். குடும்பத்தில் யாருக்காவது 50 வயதுக்கு முன் குடல் புற்றுநோய் வந்திருந்தால், மலத்தோடு இரத்தம் போனால், தாடையிலோ மண்டையிலோ எலும்புப் புடைப்பு இருந்தால், சீ.டி.என்.என்.பி.1 மாற்றம் இல்லை என்று சோதனை சொன்னால், குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை தேவை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 வீத வாய்ப்பு. அதனால் சகோதரர், பிள்ளைகள் எல்லோரையும் பார்க்க வேண்டும்.

வேலையும் பிள்ளைப்பேறும்

ஓய்வெடுத்துப் படுத்தே கிடந்தால் கட்டி நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தோளில் கட்டி உள்ளவர் கையை அசைக்காமல் வைத்தால் மூட்டு இறுகிவிடும். ஆஸ்பத்திரியின் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவில் பயிற்சி கேட்டுத் தினமும் செய்யுங்கள். கூடைக் கயிறோ சாக்கோ கட்டியின் மேலேயே அழுத்தினால், இலேசான வேலை தரும்படி டொக்டரிடம் மெடிக்கல் கடிதம் வாங்கித் தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்மொயிட் உள்ள பெண் பிள்ளை பெறலாம். கர்ப்ப காலத்தில் கட்டி வளரக்கூடும். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு அது அடங்குகிறது. கட்டி இருக்கிறது என்பதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. மருந்து குடித்தவர்கள் நிறுத்தி எவ்வளவு காலம் கழித்துக் கருத்தரிக்கலாம் என்று முன்பே கேட்க வேண்டும். கர்ப்பம் தெரிந்ததும் மருத்துவமாதுவிடம் டெஸ்மொயிட் என்ற பெயரைச் சொல்லி, கர்ப்பிணிப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனாலும் மருந்து ஏற்றாத எம்.ஆர்.ஐயாலும் கட்டியைப் பார்த்துக்கொள்ளலாம். வயிற்றுச் சுவரில் கட்டி இருந்து சிசேரியன் தேவைப்பட்டால், வெட்டு எந்த இடத்தில் போடுவது என்று மகப்பேற்று நிபுணர் முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கும். அதற்கு அவர் கையில் கடைசி எம்.ஆர்.ஐ சீடி இருக்க வேண்டும். பிரசவத்துக்கு எடுத்து வைக்கும் பையில் பிள்ளைத் துணிகளோடு அதையும் வைத்துவிடுங்கள்.